விடு, மெதுவா, பிடி

நைரி வருவதற்கு முன்னால் நைரியின் மூச்சு வந்துவிடும்.

குளிர்காலச் சனிக்கிழமைகளில் எங்கள் ஓட்டச் சங்கத்தின் பந்தயம் நடக்கும். தண்ணீர்த் தொட்டி மேட்டின் உச்சியில் கொடியோடு நிற்பது என் வேலை. ஓடி வருகிறவர்களை இடப்பக்கம் திருப்பிவிட வேண்டும்; இல்லாவிட்டால் நேராகப் போய் யாருடைய ஆட்டுப் பட்டியிலாவது விழுவார்கள். என் முழங்கால் ஓட்டத்துக்கு முழுக்குப் போட்டு வெகு காலமாகிறது. என் பக்கத்தில் டெஸ் நிற்பான். நைரியின் புருஷன். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற ஆள். குனிந்தே வேலை செய்து முதுகு வளைந்துவிட்டது, வாய் மட்டும் வளையவே இல்லை.

"வர்றா," என்பான்.

"எங்கே? ஒரு ஈ காக்கா காணோமே."

"காதுல ரோமத்தை அடைச்சு வெச்சிருக்கியா வெல்மா? நல்லாக் கேளு. கெட்டில் விசிலடிக்குது பாரு."

அவன் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வளைவில் நைரியின் மஞ்சள் தொப்பி தெரியும்.

ஓடினால் இழுப்பு வரும் அவளுக்கு. ஓடினால் மட்டும். நடந்தால் இல்லை, தோட்டம் கொத்தினால் இல்லை, டெஸ்ஸோடு மணிக்கணக்கில் சண்டை போட்டாலும் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படி. "அப்புறம் என்னத்துக்கு ஓடுறே?" என்று அவளைக் கேட்காதவர் ஊரில் கிடையாது. "ஓடாம இருந்தா எனக்கு மூச்சு முட்டுது," என்பாள்.

கிளம்புவதற்கு முன் நீல இன்ஹேலரில் இரண்டு தடவை அவளே எடுத்துக்கொள்வாள். மேட்டு உச்சியில் மறுபடி இரண்டு. அது டெஸ்ஸின் பொறுப்பு. அவள் வந்து இடுப்பில் கை வைத்து நிற்பாள். தாயில்லாத குட்டிக்குப் பால் புட்டியை நீட்டுகிற மாதிரி அவன் இன்ஹேலரைக் குலுக்கி அவள் வாயில் வைப்பான்.

"விடு."

உள்ளே இருந்த காற்றையெல்லாம் வெளியே விடுவாள்.

"மெதுவா... மெதுவா... மெதுவா..."

அவன் அமுக்க, அவள் சன்னமாக, நீளமாக உள்ளே இழுப்பாள்.

"பிடி."

பிடித்துக்கொண்டு நிற்பாள். கண் அவன் முகத்தை விட்டு நகராது. பிறகு அவன் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவான். "ஓடு கிழவி. ரேவின் பின்னாலயே வர்றா, உன் இடத்தைப் பிடிச்சுடுவா."

ரேவின் சுகாதார நிலையத்து நர்ஸ். நைரியைவிடப் பத்து வயது சின்னவள். நைரியை மேட்டில் முந்திவிட வேண்டும் என்று வருஷக் கணக்காக முயன்றுகொண்டிருந்தாள். பாவம், ஒருநாளும் நடந்ததில்லை.

போன கோடைக்கு முந்தின கோடையில், கொட்டகையில் ஒரு ஆட்டை இரண்டு முழங்காலுக்கு நடுவில் பிடித்தபடியே டெஸ் சரிந்து விழுந்தான். பக்கவாதம். வலது கை துணி மாதிரித் தொங்கிவிட்டது. பேச்சு அடியோடு போய்விட்டது.

"நாம சொல்றது எல்லாம் புரியுது வெல்மா," என்று நைரி போனில் அழுதாள். "புரிஞ்சு என்ன? வாயைத் திறக்கிறான், ஒண்ணும் வரல. என் பேரு வரல. தண்ணினு கேக்க வரல. ஊரெல்லாம் வாயாடுனவன், கண்ணாலயே கெஞ்சுறான்."

ஒருநாள் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வர நேரமாயிற்று என்று இவள் படிக்கட்டில் ஓடி ஏறியிருக்கிறாள். போய்ச் சேர்ந்தபோது நெஞ்சு விசிலடிக்கிறது. கட்டில் பக்கத்தில் நின்று பையிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்தாள். அப்போது கட்டிலில் இருந்து ஒரு குரல்.

"விடு."

அவள் அப்படியே நின்றுவிட்டாளாம்.

"மெதுவா... மெதுவா..."

"நான் எங்க இழுத்தேன்? அழுதுக்கிட்டு நின்னேன்," என்றாள் என்னிடம். "அவன் விடவே இல்ல. 'பிடி'ன்னான். அதட்டுறான் வெல்மா! படுத்த படுக்கையா கிடந்துக்கிட்டு என்னை அதட்டுறான்!"

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கும் ஒரே சந்தோஷம். "இது யோசிச்சு வர்ற பேச்சு இல்ல. நாக்குலயே ஊறிக் கிடக்கிறது. ஒண்ணு ரெண்டு எண்றது, பாட்டு, கெட்ட வார்த்தை, இதெல்லாம்தான் முதல்ல திரும்பி வரும்," என்று சொன்னாளாம்.

"கெட்ட வார்த்தைதான் முதல்ல வரும்னு நான் நெனச்சேன்," என்று நைரி சொல்லியிருக்கிறாள். "ரோமக் கொட்டகையில வேற பாஷையே கிடையாது."

"எது வந்தா என்ன? இந்த மூணு சொல்லையும் நழுவ விட்டுடாதீங்க. தினமும் சொல்ல வையுங்க. இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மத்ததெல்லாம் ஏறி வரணும்."

அப்படியேதான் நடந்தது. அவன் மேட்டுக்குத் திரும்பி வந்தான், இடக்கையில் இன்ஹேலரோடு. அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு அவன் ஒரு குடும்பமே நடத்தினான். நாயைக் கதவுக்கு வெளியே அனுப்ப "விடு". தேநீர்க் கோப்பையை நீட்டி "பிடி". எங்கள் சங்கத் தலைவன் ஹெமி பால் லாரி ஓட்டுகிறவன், காரையும் அப்படியே ஓட்டுவான். அவன் காரில் டெஸ் ஏறினால் வழியெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று கத்தல்தான்.

"ஆன்ட்டி, கேட்டீங்களா?" என்று ஹெமி என்னிடம் சிரிப்பான். ஊரில் வயதான பெண்கள் எல்லோரும் அவனுக்கு ஆன்ட்டிதான். "நேத்து ரக்பி மேட்ச்ல நம்ம ஆளுங்க தோத்தாங்களே, அதைப் பத்தி என்னய்யா நெனைக்கிறேன்னு கேட்டேன். 'விடு'ன்னுட்டான். டிவியில ஒரு மணி நேரம் உக்காந்து பேசுனானுங்களே, அதைவிட இது சரியா இருந்துது."

சங்கக் கூடத்தில் எல்லோரும் சிரித்தோம். டெஸ்ஸும் ஒரு பக்க வாயால் சிரித்தான். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் "டீ" வந்தது, "குளிர்" வந்தது, ஒருநாள் வெகு பாடுபட்டு "நை" வரைக்கும் வந்தது. பாதிப் பெயர். அதற்கே அவள் சங்கத்துக்கு ஒரு தட்டு நிறைய சீஸ் ரோல் சுட்டு எடுத்து வந்தாள்.

இந்த வருஷம் இலையுதிர் காலத்தில் சுகாதார நிலையத்துக்கு ஒரு புது டாக்டர் வந்தார். நைரியின் நீல இன்ஹேலர் எத்தனை சீக்கிரம் தீர்கிறது என்று பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

"நீலம் குழாயைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ள இருக்கிற வீக்கம் அப்படியே கிடக்கும். வீக்கத்தை மேல மேல வளர விட்டுட்டு நீங்க கதவை மட்டும் திறந்து திறந்து மூடிட்டு இருக்கீங்க. இனிமே நீலம் வேண்டாம்."

புதிது சிவப்பு அடிப்பாகம் வைத்த ஒரு குட்டிக் குழல். குழாயைத் திறக்கிறது, வீக்கத்தைக் குறைக்கிறது, இரண்டு மருந்தும் அதிலேயே. காலையும் ராத்திரியும் எடுக்க வேண்டும்; மூச்சு முட்டினாலும் அதையே எடுக்க வேண்டும். அமுக்குகிற வேலை இல்லை. அடியைத் திருகினால் 'கிளிக்' என்று கேட்கும், அப்புறம் வாயில் வைத்து இழுக்க வேண்டும். எப்படி இழுப்பது என்று ரேவின்தான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"பழசு மாதிரி மெதுவா இழுக்கக் கூடாது நைரி. இது பொடி. உன் இழுப்புலதான் அது கிளம்பி உள்ள போகணும். ஸ்ட்ரா போட்டுக் கெட்டி மில்க்‌ஷேக் உறிஞ்சுவியே, அந்த மாதிரி. ஒரே மூச்சா, வேகமா."

"ஒண்ணுமே தெரியலையே. நாக்குல ருசி இல்ல, தொண்டையில சில்லுன்னு இல்ல. காலிக் குழலைக் கொடுத்து ஏமாத்துறீங்களா?"

"தெரியாது. ஆனா போயிருக்கும். ஒரு மாசம் கழிச்சு வந்து என்னைத் திட்டு."

திட்ட வேண்டியிருக்கவில்லை. பனி விழுந்த காலையிலும் நைரி மேட்டில் சத்தமில்லாமல் ஏறி வந்தாள். நான் கொடியைத் தாழ்த்திப் பிடித்து எங்கேயோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் என் முன்னால் வந்து நின்றாள். பேய் வந்த மாதிரி தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ! வர்றேன்னு ஒரு சத்தம் கொடுக்க மாட்டே?"

"அதான் இல்லையே இப்ப!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

டெஸ் சிவப்புக் குழலை எப்படித் திருகுவது என்று தானாகவே பழகியிருந்தான். வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடக்கையால் ஒரு திருகு. கிளிக். பெருமையாக அவளிடம் நீட்டினான்.

"விடு. மெதுவா... மெதுவா..."

பின்னாலேயே மூச்சு வாங்க வந்துகொண்டிருந்த ரேவின் அதைக் கேட்டாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஓட்டம் முடிந்து கூடத்தில் தேநீர் ஊற்றும்போது நைரியைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு இழுத்துப் போனாள். நான் அங்கேதான் துண்டோடு நின்றேன்.

"அவன் மெதுவாங்கிறான். நீயும் மெதுவா இழுக்கிறே."

"தெரியும்."

"தெரிஞ்சா? அப்படி இழுத்தா பாதி கூட உள்ள போகாது நைரி. வாய்லயே நின்னுடும்."

"காலையில வீட்ல ஒழுங்கா எடுத்துட்டுத்தான் வர்றேன். மேட்டுல எனக்கு அது தேவையே இல்ல இப்ப. அவனுக்காக நிக்கிறேன்."

"தேவைப்படுற நாளும் வரும். அவனுக்கு மாத்திச் சொல்லிக் கொடு. 'வேகமா'ன்னு சொல்லச் சொல்லு. ஒரு சொல்தானே?"

நைரி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒரு சொல்தானேன்னு சொல்றே. ஒரு மாசமா அதைத்தான் பண்ணிட்டிருந்தேன் ரேவின். தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் மேஜைல உக்காந்து, வே, வே, வேகமான்னு. வாயை அப்படியே குவிக்கிறான். நெத்தியில நரம்பு புடைக்குது. வர்றது என்னமோ 'மெதுவா'தான். அவனுக்கே காதுல விழுது, தப்புன்னு தெரியுது. நேத்து மேஜையில ஓங்கி ஒரு குத்துக் குத்திட்டு அழுதான். அதுக்கப்புறம் ராத்திரி நாயை வெளிய விடணும், 'விடு' வரல. புதுசைத் திணிக்கப் போயி பழசும் ஆட்டம் கண்டுடுச்சு."

"அதுக்காக..."

"நீ சொல்றது மருந்துக்குச் சரி. எனக்கு அவன் பேசணும்."

ரேவின் என்னைப் பார்த்தாள். நான் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன். இருவர் பேச்சிலும் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

அதனால் அது அப்படியே தொடர்ந்தது. சனிக்கிழமைதோறும் அவள் சத்தமில்லாமல் வருவாள், நிற்பாள், அவன் சொல்கிறபடி மெதுவாக இழுப்பது போல இழுப்பாள், பிடிப்பாள். அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஓடுவாள். அவன் என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்கிற மாதிரி புருவத்தைத் தூக்குவான்.

ஆகஸ்டில், எங்கள் தென்கோளத்துக் குளிர்காலத்தின் கடைசி மாதத்தில், அந்தப் பந்தயம் வந்தது. பக்கத்து ஊர்ச் சங்கமும் சேர்ந்து ஓடுகிற நாள். காற்றே இல்லை. உறைபனி வெயில் ஏறியும் கரையவில்லை. பள்ளத்தாக்கில் வீட்டு விறகுப் புகையெல்லாம் போர்வை மாதிரி தேங்கிக் கிடந்தது. போதாததற்கு மேட்டுக்குக் கீழே யாரோ வேலிச் செடியை வெட்டிக் கொளுத்தியிருந்தார்கள். நைரிக்கு அந்த வாரம் முழுக்க ஜலதோஷம். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஹெமி அவளை ஓட விடமாட்டான் என்று.

டெஸ்தான் முதலில் தலையைத் தூக்கினான். என் கையைத் தட்டினான்.

"என்ன டெஸ்?"

கீழே காட்டினான். அப்புறம் எனக்கும் கேட்டது. பழைய விசில்.

தொப்பி வளைவில் தெரிந்தபோது அவள் ஓடவில்லை. நடந்தாள். பிறகு வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் கொடியைப் போட்டுவிட்டு ஓடினேன், என் முழங்காலால் ஓட முடிந்த அளவுக்கு. டெஸ் எனக்கு முன்னால் போய்விட்டான். கக்கத்தில் இடுக்கி, திருகி, கிளிக் என்று அவள் உதட்டில் வைத்துவிட்டான்.

"விடு."

அவள் கண் அவன் முகத்தில் நின்றது.

"மெதுவா... மெதுவா... மெதுவா..."

இழுத்தாள். அவன் சொன்னபடியே, சன்னமாக, நீளமாக.

"பிடி."

எங்கே பிடிக்கிறது? இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. அவன் மறுபடி திருகினான். மறுபடி சொன்னான். மறுபடி அவள் அப்படியே இழுத்தாள். கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது. "நைரி, வேகமா இழு, வேகமா!" என்று நான் கத்தினேன். அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஹெமிக்கும் சொல்லிவிட்டு, பாதையில் கீழே பார்த்து ரேவின், ரேவின் என்று கூவினேன்.

ரேவின் அந்த மேட்டில் அப்படி ஏறி நான் பார்த்ததே இல்லை. வந்த வேகத்தில் டெஸ்ஸைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டு அவன் கையிலிருந்த குழலைப் பிடுங்கினாள்.

"நைரி! என்னைப் பாரு. அவனைப் பாக்காதே, என்னைப் பாரு. வெளிய விடு. இப்ப உறிஞ்சு! பலமா! பலமா!"

"மெதுவா," என்றான் டெஸ். "மெதுவா, மெதுவா..."

நைரியின் கண் அவன் பக்கம் போனது.

"வாயை மூடு டெஸ்!" ரேவின் கத்திய கத்தலில் பட்டியில் ஆடுகள் சிதறி ஓடின. "நீ சொல்லிச் சொல்லித்தான் அவளுக்கு உள்ள போகல! நீ பேசாதே!"

டெஸ் நின்றான். ரேவினையும் குழலையும் நைரியையும் பார்த்தான். அவனுக்குத்தான் எல்லாம் புரியுமே. இடக்கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

ரேவின் அவளைத் தரையில் நிமிர்த்தி உட்கார வைத்து, திருகித் திருகிக் கொடுத்தாள். பலமா, பலமா, இன்னும் பலமா. ஒரு தடவை உள்ளே போனது. அப்புறம் இன்னொரு தடவை. ஆம்புலன்ஸ் வந்து ஆக்சிஜன் முகமூடியைப் போட்டபோது உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. வண்டியில் ஏற்றும்போது அவள் கையை நீட்டினாள், டெஸ்ஸைத் தேடி. அவன் வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றான். பொத்திய கையை எடுக்கவில்லை.

ஹெமி காரைக் கொண்டுவந்தான். நானும் டெஸ்ஸும் பின் இருக்கையில். ஹெமி பதற்றத்தில் வளைவுகளில் பறந்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். டெஸ்ஸிடமிருந்து ஒரு "மெதுவா" வரவில்லை. கண்ணாடியில் ஹெமி என்னைப் பார்த்தான். வேண்டுமென்றேதான் இன்னும் வேகமாக ஓட்டிப் பார்த்தான் என்று எனக்குத் தெரியும். அப்போதும் வரவில்லை.

நைரி மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் போனபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேகமா இழுக்கணும்னு எனக்குத் தெரியாதா வெல்மா? தினமும் இழுக்கிறவதானே? ஆனா மூச்சே போற நேரத்துல புத்தியா வேலை செய்யுது? அவன் சொன்னா என் நெஞ்சு கேக்கும். இத்தனை வருஷமா அவன் குரலுக்குத்தான் அது பழகியிருக்கு. என்னைக் கேக்கலையே அது."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. தப்பு என் மேலதான், நான்தான் உன்னை மாத்தாம விட்டேன்னு சொன்னேன். என் கையைத் தடவிக் கொடுக்கிறான். தலையை ஆட்டுறான். அவ்வளவுதான். நான் ரேவினைத் திட்டவும் முடியாது. அவ இல்லேன்னா நான் இல்ல."

ரேவின் அவர்கள் வீட்டுக்குப் போனாள். இஞ்சி பிஸ்கட் ஒரு டப்பா கொண்டுபோனாள். வாசலிலேயே அழுதுவிட்டாளாம். "டெஸ், நான் பயத்துல கத்திட்டேன். பேசாதேன்னு சொன்னது அந்த நிமிஷத்துக்குத்தான்பா. எப்பவும் பேசாதேன்னா சொன்னேன்?" என்றாளாம். அவன் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, தேநீர் போட்டுக் கொடுத்தான். கோப்பையை நீட்டினான். "பிடி" என்று சொல்லவில்லை. அவளுக்கு அந்தத் தேநீர் இறங்கவில்லை.

பேச்சுப் பயிற்சிப் பெண் வந்தாள். படங்கள் காட்டினாள், எண்ணச் சொன்னாள், பாடச் சொன்னாள். பழைய நீல இன்ஹேலரைக் கூட எங்கிருந்தோ கொண்டுவந்து நைரியின் வாயில் வைத்துப் பார்த்தாள். டெஸ் எழுந்து அறையை விட்டுப் போய்விட்டான்.

"வராம இல்ல," என்றாள் அந்தப் பெண், போகும்போது. "வந்துதான் நிக்குது, தொண்டையில நான் பாத்தேன். அவர் விட மாட்டேங்கிறார். இதுக்கு என்கிட்ட பயிற்சி கிடையாது."

வீடு எப்படி இருக்கிறது என்று நைரியைக் கேட்டேன்.

"நாய்க்கே புரிஞ்சுடுச்சு," என்றாள். "கதவுகிட்டப் போயி அவனைப் பாத்துக்கிட்டே நிக்கும். அவன் எழுந்து திறந்துவிடுவான். அது போகாம அவன் மூஞ்சியையே பாக்கும்."

வசந்தம் வந்து பருவத்தின் கடைசிப் பந்தயம். டாக்டர் ஓடலாம் என்று சொல்லிவிட்டார். மருந்தும் நன்றாகக் கேட்டிருந்தது. குழலை இடுப்பில் ஒரு சின்னப் பையில் அவளே கட்டிக்கொண்டாள். டெஸ் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். என் பக்கத்தில் நின்றான். இரண்டு கையும் சட்டைப் பைக்குள்.

நான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். சும்மா நிற்க முடியவில்லை. ஆட்டுக்குட்டிகள் இந்த வருஷம் கொழுத்திருப்பதைச் சொன்னேன், ஹெமியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொன்னேன். அவன் தலையாட்டினான். சரியான இடங்களில் தலையாட்டினான்.

நைரி வந்தாள். துளிச் சத்தம் இல்லை. இந்த வருஷத்தில் அவள் அத்தனை வேகமாக ஏறி நான் பார்த்ததில்லை. முன்னால் யாரும் இல்லை. பக்கத்து ஊர்ப் பெண்கள் வெகு தூரம் பின்னால். நான் கொடியை இடப்பக்கம் காட்டினேன். அவள் திரும்பவில்லை. நேராக டெஸ்ஸிடம் வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நைரி, போ! முதல்ல வர்றே நீ!" என்றேன்.

"டெஸ்," என்றாள் அவள். "எனக்கு மூச்சு நல்லா இருக்கு. பாரு. மருந்து ஒண்ணும் வேண்டாம். குழல் என் பையிலேயே இருக்கட்டும். நீ சும்மா சொல்லு."

அவன் அவளைப் பார்த்தான்.

"மூணும் வேண்டாம். ஒண்ணு சொல்லு. உனக்கு எது வருதோ."

கீழே காலடிச் சத்தம் நெருங்கியது. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி எங்களைத் தாண்டி இடப்பக்கம் திரும்பிப் போனாள். பிறகு இன்னொருத்தி. பிறகு ரேவின் வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள், நைரியை முந்த அத்தனை வருஷம் காத்திருந்த இடத்தில்.

"தப்பாவே சொல்லுடா," என்றாள் நைரி. குரல் உடைந்துவிட்டது. "நான் செத்தா போயிட்டேன்? இதோ நிக்கிறேனே. என்னைத் திட்டவாவது திட்டு."

அவன் உதடு பிரிந்தது. தொண்டையில் ஏதோ ஏறி வந்ததை நானும் பார்த்தேன், அந்தப் பெண் சொன்ன மாதிரியே. அவன் அவள் நெஞ்சைப் பார்த்தான், அது ஏறி இறங்குவதைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். பையிலிருந்து இடக்கையை எடுத்து, அவள் தோளைப் பிடித்துப் பாதையின் பக்கம் திருப்பினான். முதுகில் கை வைத்தான். தட்டவில்லை, வெறுமனே வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொண்டான்.

நைரி கிளம்பினாள். ரேவின் அவளுக்குப் பின்னால் போனாள், முந்தாமல். இறக்கத்தில் இரண்டு பேரும் மறைகிற வரைக்கும் நைரியின் தோள் குலுங்கிக்கொண்டே போனது தெரிந்தது. அழுகைதான், மூச்சில் ஒரு குறையும் இல்லை.

டெஸ் என் கையிலிருந்து கொடியை வாங்கிக்கொண்டான். இன்னும் ஆட்கள் வர வேண்டியிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் இடப்பக்கம் காட்டினான், கடைசி ஆள் வரைக்கும்.